அவுந்துருச்சு

என் அம்மா வாய் மூடி இருந்து நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றால் அடுப்போடு பேசுவாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டோடு பேசுவாள். தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டுவாள். எழுமலையில் எங்கள் தெருவில் நடந்த ஒரு சேதி காலையில் அம்மா காதில் விழுந்தால், அடுத்த பஸ்ஸில் அது உசிலம்பட்டி போய்ச் சேர்ந்துவிடும் என்று அப்பாவே சொல்வார். அப்பா அப்படி எதையாவது சொன்னால் அது பெரிய விஷயம். அவர் பேச்சு அம்மாவுடையதற்கு நேரெதிர். கிணற்றுத் தண்ணீரை நம்பிய கொஞ்ச நிலம், நாலு தென்னை, ஒரு பசு என்று அவருடைய உலகம் சின்னது. அதைப் பற்றிக் கேட்டால் "இருக்கு" என்பார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

நான் அப்போது மதுரையில் இருந்தேன், இப்போதும் அங்கேதான். கோரிப்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். போன் செய்வது எப்போதும் அம்மாதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுதான் அப்பாவின் வேலை. அவர் பெயரில் மணி அடித்ததுமே பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"ஆத்தா, அம்மா விழுந்துருச்சு" என்றார்.

நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விடியற்காலை பால் கறக்கப் போன அம்மா, பசு கயிற்றை உருவிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாள். "ஏங்க, செவலை அவுந்துருச்சு, ஓடியாங்க" என்று கத்தியிருக்கிறாள். அப்பா எழுந்து ஓடினார். பசு தெருமுனையைத் தாண்டிப் பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. அதைத் துரத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பியபோது, அம்மா தொழுவத்து மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அப்பாவைப் பார்த்து "அவுந்துருச்சு" என்றாளாம். அவர் பசுவைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்" என்றிருக்கிறார்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது நான் வாசலில் நின்றேன். அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

அம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். கண் நிறைந்தது. உதடு எதையோ தேடியது. பிறகு சொன்னாள்: "அவுந்துருச்சு."

குளுக்கோஸ் ஊசி கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். சேலை, தலைமுடி, கட்டிலின் பக்கக் கம்பி எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. பக்கத்தில் நின்ற நர்ஸ், "வந்ததுல இருந்து அதையேதாம்மா சொல்லுது. வேற எதுவும் வரல" என்றார்.

சில நாளில் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பயிற்சிக்கு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்ததால் அம்மாவை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தோம். பசுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் வந்தார். முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் போட்டோம். கீழே பாலம் கட்டுவதற்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நாள் முழுக்க ஹாரன் சத்தமும் தூசியும். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. எழுமலையில் ஒரு மாதத்தில் பார்க்கிற ஆட்களை இங்கே ஒரு காலையில் பார்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம்பெண். எனக்கு அவர் பொறுமையாக விளக்கினார். அம்மாவுக்கு நாம் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லை எடுக்கக் கையை நீட்டினாலும் கையில் வருவது அந்த ஒரே சொல்தான். சிலருக்கு இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொண்டுவிடும் என்றார்.

"அதச் சொல்லாதீங்கன்னு மட்டும் தடுக்காதீங்க மேடம். அவங்களுக்கு இப்ப இருக்குற ஒரே கதவு அதுதான்."

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒன்று புரிந்தது. அம்மாவிடம் சொல்தான் ஒன்றே ஒன்று. ராகம் அத்தனையும் அப்படியே இருந்தது. கேள்வி கேட்பாள், கேலி செய்வாள், கோபித்துக்கொள்வாள், ரகசியம் சொல்வாள். எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ ஊர்க்கதையை விஸ்தாரமாகச் சொல்வது போலவே இருக்கும். எங்கள் வேலை அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பது.

சில நேரம் சுலபம். என் ஜாக்கெட் கொக்கி விட்டிருந்தால் "அவுந்துருச்சு" என்று மெதுவாகச் சொல்வாள். அப்பாவின் சட்டைப் பொத்தானுக்கும் அதுவே. அதில் குழப்பமில்லை. பிறகு கதவு திறந்திருந்தால் அவுந்துருச்சு. பால் பொங்கினால் அவுந்துருச்சு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் ஓடினால் அவுந்துருச்சு. நான் நேரம் கழித்து வந்தால் வாசலில் கால் வைக்கும்போதே ராகம் இழுத்து, "அவுந்துருச்சா?" என்பாள். இப்போதுதான் விட்டார்களா என்று அர்த்தம். ஒருநாள் என் கணவர் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றபோது அவள் சொன்ன "அவுந்துருச்சு"வுக்கு எங்கள் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தமிழ் டீச்சர் என்பதால் எனக்குள் ஒரு கிறுக்கும் சேர்ந்துகொண்டது. அவிழ்தல் என்ற சொல்லை நான் அதற்கு முன் அவ்வளவு யோசித்ததில்லை. முடிச்சு அவிழும், கூந்தல் அவிழும், புதிரும் அவிழும். மொட்டு விரிவதும் அவிழ்தல்தான். சோற்றுப் பருக்கைக்கே பழைய தமிழில் அவிழ் என்று பேர். வெந்து மலர்வதால் அப்படிச் சொன்னார்கள்போல. அவிழ்தம் என்றால் மருந்து. அந்தச் சொல்லின் வேர் வேறு, ஆனாலும் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். ஒருநாள் மத்தியானம் தட்டில் சோறு போட்டதும் அம்மா உற்றுப் பார்த்து "அவுந்துருச்சு" என்றாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அப்பாவிடம், "அப்பா, அம்மா சோத்துப் பருக்கையைச் சொல்றாங்க! அவிழ்னா சோறு!" என்றேன்.

அப்பா தட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "கொழஞ்சு போச்சுங்குறா" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள்.

அப்பா எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார் என்றில்லை. பலமுறை தண்ணீர் கேட்டவளுக்குப் போர்வை போர்த்திவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார். "பசிக்குதா? ஃபேன் போடவா? கால் வலிக்குதா? யாரும் வந்திருக்காகளா?" அத்தனை வருஷம் அவர் பேசாமல் சேர்த்து வைத்திருந்த கேள்வியெல்லாம் அந்த முன்னறையில்தான் வெளியே வந்தது. ஊரிலிருந்து யாராவது போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைப்பார். அம்மா தன் ஒற்றைச் சொல்லில் நீளமாகப் பேசுவாள். "ஒங்க மருமகளுக்குப் புள்ள பிறந்துருச்சான்னு கேக்குறா" என்று அப்பா நடுவில் எடுத்துச் சொல்வார். அந்தப் பக்கம் ஆமாம் என்றால் அம்மா முகம் மலரும்.

கீழ்வீட்டில் எங்கள் வீட்டுக்காரம்மா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கலகலப்பானவர். மத்தியான வேலை முடிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேலே வருவார். தன் மாமியார் கதை, நாத்தனார் கதை எல்லாவற்றையும் அம்மாவிடம்தான் கொட்டுவார். அம்மா கண்ணை அகல விரித்து, "அவுந்துருச்சு!" என்பாள்.

"அதத்தான்க்கா நானும் சொல்றேன்" என்பார் அவர்.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "டீச்சர், எங்க வீட்ல நான் பேசினா அஞ்சாறு பேரும் அஞ்சாறு பதில் சொல்றாங்க. அக்கா ஒரு பதில்தான் சொல்லுது. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுது."

பேச்சுப் பயிற்சிப் பெண் அடுத்த கட்டமாக ஒன்று சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற சொற்களைக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வரலாம் என்றார். நான் ஒரு கூடையில் வீட்டுச் சாமான்களைச் சேர்த்தேன். மூடி கழன்ற பாட்டில், திருகாணி நழுவிய தோடு, நூல் பிரிந்த பை, கைப்பிடி ஆடுகிற தோசைக்கரண்டி, சரட்டிலிருந்து உதிர்ந்த பாசிமணி. ஒவ்வொன்றாகக் காட்டுவேன்.

"கழண்டுருச்சு. சொல்லுங்கம்மா, கழண்டுருச்சு."

"அவுந்துருச்சு."

"இது பிரிஞ்சிருச்சு."

"அவுந்துருச்சு."

"லூசா இருக்கு."

அம்மா அந்தத் தோசைக்கரண்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். பிறகு அதாலேயே என் முழங்கையில் ஒன்று வைத்தாள். வகுப்பு அன்றைக்கு அத்தோடு முடிந்தது. இப்படியே பல வாரம் போனது. எனக்குச் சலிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்கு அதைவிட முன்பே வந்துவிட்டது.

இந்த இடத்தில் என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன், டி. கல்லுப்பட்டியில் இருக்கிறார். சின்ன வயதில் எனக்கு மாமா என்றால் உயிர். அவருடைய மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். நான் மேலே படிக்க வேண்டும் என்றேன். மாமன் மகன் மேல் எனக்கு அப்படி எண்ணமும் இல்லை. அம்மா என் பக்கம் நின்றாள். மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டார், அம்மா முடியாது என்றாள். "அப்ப நம்ம முடிச்சு இன்னையோட அவுந்துருச்சுன்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். என் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அம்மாவின் சித்தப்பா மகன் நின்றார். சீர் தட்டைப் பார்த்து அம்மா அழுதாள். அதற்குப் பிறகு ஊரில் யார் வீட்டு விசேஷத்தில் சந்தித்தாலும் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊர் உலகத்து விஷயமெல்லாம் பேசுகிற அம்மா, அண்ணனைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாதான் போன் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. "மச்சான், வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாராம்.

ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ்காரர் தூரத்திலேயே இறக்கிவிட்டிருக்கிறார். இரண்டு கையிலும் பை. ஒன்றில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும், மற்றொன்றில் இளநீர். அதையெல்லாம் தூக்கிக்கொண்டு குறுகலான மாடிப்படி ஏறி வந்து வாசலில் மூச்சிரைக்க நின்றார். மீசை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அவருக்குப் பின்னால், யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வீட்டுக்காரம்மாவும் படியேறி வந்திருந்தார்.

"வாங்க மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தார். அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அவுந்துருச்சு" என்றாள் அம்மா.

மாமாவின் முகம் அப்படியே தொங்கிப்போனது.

"அவுந்துருச்சு." இந்த முறை சத்தமாக.

"ஆமாத்தா" என்றார் மாமா. "அவுந்துதான் போச்சு. அன்னைக்கு என் வாயாலதான சொன்னேன். மறக்கல நீ. எதையெல்லாமோ மறந்துட்ட, இத மறக்கல."

"அவுந்துருச்சு! அவுந்துருச்சு!" அம்மா இடது கையால் கட்டிலை அடித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, மாமாதான், மாமா பாக்க வந்திருக்காங்க" என்று நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் கத்தினாள். மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் மீசையில் இறங்கியது. இரண்டு கையிலும் பை இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"என் மூஞ்சியப் பாக்கவே அதுக்குப் பிடிக்கல மருமகளே. அதோட ஒடம்புக்கு ஆகாது. நான் போறேன்" என்று திரும்பினார்.

அதற்குள் அடுப்படியிலிருந்து அப்பா டீ டம்ளரோடு வந்தார். சத்தம் கேட்டு வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தார்.

"மச்சான், நில்லுங்க. வேட்டி."

"என்ன மாப்ள?"

"வேட்டி அவுந்துருச்சு மச்சான். அதத்தான் அவ இம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கா."

மாமா குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கச் சரிந்து தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு எட்டு வைத்திருந்தால் மானம் போயிருக்கும். "அய்யய்யோ" என்று இரண்டு பையையும் கீழே போட்டு வேட்டியைப் பிடித்தார். ஆரஞ்சுப் பழங்கள் முன்னறை முழுக்க உருண்டன. வீட்டுக்காரம்மா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு படியில் வேகமாக இறங்கினார். கீழே போய் அவர் சிரித்த சிரிப்பு மேலே வரை கேட்டது.

அம்மாவும் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. வாய் ஒரு பக்கம்தான் ஒத்துழைத்தது, ஆனால் வயிறு குலுங்கச் சிரித்தாள். மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாதபடி அவருக்கும் தோள் குலுங்கியது. அப்படியே கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா இடது கையை அவர் தலையில் வைத்து, மெதுவாக ஏதோ சொன்னாள். அதே சொல்தான்.

"இப்ப என்ன மாப்ள சொல்லுது?"

அப்பா டீ டம்ளரை அவர் கையில் கொடுத்தார். "இது எனக்கும் தெரியல மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் மாமா வந்தார். பருத்திக்கு விலை இல்லாதது, ஊர்க் கோயில் கமிட்டிச் சண்டை, தன் முழங்கால் வலி என்று எல்லாம் பேசினார். அம்மா பேசிய காலத்தில் அவருக்கு இடமே கிடைத்திருக்காது போல. இப்போது நிறைய இடம் இருந்தது. நோன்பு மாதம் வந்தபோது வீட்டுக்காரம்மா மாலையில் தூக்குவாளியில் கஞ்சி அனுப்புவார். மாமா அதற்காகவே கடைசிப் பஸ் வரை காத்திருப்பார். "ஒங்க தங்கச்சிக்கு துவா செய்றேண்ணே, சீக்கிரம் பேசிரும், இன்ஷா அல்லாஹ்" என்று வீட்டுக்காரம்மா சொன்னபோது, "பேச ஆரம்பிச்சுட்டா அது நம்மளப் பேச விடாதேத்தா" என்றார் மாமா.

பேச்சு வந்ததும் அவர் முன்னால்தான். ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, இளவட்ட வயதில் தான் ஒரு காளையை வாலைப் பிடித்தே நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை ஒவ்வொரு முறையும் வளர்ந்துகொண்டே வந்தது. காளை இந்த முறை அவரைத் தூக்கி ஒரு வைக்கோற்போரின் மேல் போட்டது, அவர் அங்கிருந்து குதித்து மறுபடியும் வாலைப் பிடித்தார். கேட்டுக்கொண்டே இருந்த அம்மா, இடது கை ஆள்காட்டி விரலைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துத் திருகினாள்.

"கழண்டுருச்சு" என்றாள்.

யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. நான்தான் "அம்மா! என்ன சொன்னீங்க?" என்று கத்தினேன்.

அவளுக்கே ஆச்சரியம். வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அண்ணனைச் சுட்டிக்காட்டி, தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாக, "கழண்டுருச்சு" என்றாள்.

மாமா எழுந்து குதித்தார். "மாப்ள, கேட்டீகளா? என்னையக் கிறுக்கன்னு சொல்லிருச்சு! எனக்கு கழண்டுருச்சாம்!" என்று மாடிப்படியில் இறங்கிப் போய் வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னார். தெருமுனைக் கடையில் மிக்சர் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். தன்னைக் கிறுக்கன் என்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் திரும்பவில்லை.

வாரக்கணக்காக நான் கூடையை வைத்துக்கொண்டு கெஞ்சிய சொல். அது வரவேண்டிய நேரத்துக்குக் காத்திருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். சொல்லத் தூண்டுகிற மாதிரி ஓர் ஆள் எதிரில் இருந்தால் அப்படி வரும் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. "வாரேன்", "போதும்", "போ." என்னைக் கூப்பிட "பாப்பா." பிறகு "சாப்டியா?" இதைச் சொல்ல ஆரம்பித்ததும் வீட்டுக்கு வந்த யாரையும் விட்டுவைக்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் கேட்டாள். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு சின்னக் குழந்தையிடம் இருக்கும் அளவுக்குத்தான் சொற்கள். பழைய பேச்சு திரும்பவே இல்லை. திரும்பும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்திப் பழகியவள், கிடைத்த சொல்லை வைத்தும் நடத்தினாள்.

ஆடியில் எழுமலைக்குத் திரும்பினார்கள். ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தாள். ஆவணியில் மாமாவின் பேத்திக்குக் காதுகுத்து. கல்லுப்பட்டி மண்டபத்துக்கு அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். அப்பா தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வாசலில் மாமாவே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். என்னைக் கட்டியிருக்க வேண்டிய அவர் மகனும் அவன் மனைவியும் வந்து அம்மா காலில் விழுந்து கும்பிட்டார்கள். அம்மா அவனைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்டாள். அவன் இன்னும் இல்லை என்றதும், "போ, போ" என்று பந்தியைக் காட்டி விரட்டினாள். அந்தக் கூட்டத்தில் அவளிடம் பேச வந்தவர்கள் வரிசையில்தான் நின்றார்கள்.

அதன் பிறகு சில வருஷம் இருந்தாள். போன தை மாதத்தில், ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மாமா முழங்கால் வலியோடு மாதம் ஒரு முறையாவது படியேறி வந்துவிடுகிறார்.

அம்மா எங்கள் வீட்டில் இருந்த அந்த வருஷத்துச் சித்திரைத் திருவிழாவை வைத்து இருவருக்கும் ஒரு சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்திருந்தோம். ஆற்றிலிருந்து திரும்புகிற ஜனம் வெயில் ஏற ஏற எங்கள் தெருவை நிறைத்துக்கொண்டு போனது. வீட்டுக்காரம்மா வாசலில் அண்டா வைத்து எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா எங்கோ தூரத்தில் கண்ணை வைத்து, யாரிடமும் இல்லாமல், ரொம்ப மெதுவாக "அவுந்துருச்சு" என்றாள். அப்படி நிம்மதியாக அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

"கூட்டம் கலைஞ்சிருச்சுன்னு சொன்னா மச்சான். அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போறாகன்னு" என்பார் அப்பா.

"இல்ல மாப்ள. எதிர்த்த வீட்டுப் புள்ள கையில இருந்து பலூன் விட்டுருச்சு. அது மேல போனதத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துலதான நின்னேன்."

"பலூனுக்கு எதுக்கு மச்சான் அம்புட்டு மெதுவாச் சொல்றா?"

"அப்ப கூட்டத்துக்கு எதுக்கு மெதுவாச் சொல்லணும்?"

அப்பா இப்போதெல்லாம் விட்டுக்கொடுப்பதில்லை. குரலை உயர்த்திப் பேசுகிறார். போன ஞாயிறும் இதே சண்டைதான். "நீ சொல்லு மருமகளே" என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நானும் அன்று மொட்டை மாடியில்தான் இருந்தேன். ஆனால் அந்த நேரம் அம்மாவின் தலையில் வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்ததால், அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னால் இரண்டு பேரும் நம்புவதில்லை. டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.